மரபணுக்கள் போடும் வாக்கு: மரபணு வெளிப்பாட்டை வைத்துப் புற்றுநோயை வகைபிரிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. "21 மரபணு டெஸ்ட் ஒன்று இருக்கிறது, எடுத்துப் பார்க்கலாமா?" என்று டாக்டர் கேட்கிறார். அன்று இரவே வீட்டில் எல்லோரும் போனில் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். கிடைப்பதில் பாதி விளம்பரம், மீதி யாருக்கும் புரியாத ஆய்வுக் கட்டுரை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பக்கம் தமிழில் இருக்க வேண்டும் என்ற ஆசையில் இதை எழுதுகிறேன். நோயாளியின் வீட்டார் கேட்பதும், உயிரியலோ கணினியோ படிக்கும் மாணவர்கள் கேட்பதும் இதில் கலந்தே இருக்கின்றன. உங்களுக்கு வேண்டிய கேள்வியை மட்டும் படித்தாலும் சரி. சிகிச்சை முடிவை மட்டும் உங்கள் டாக்டரிடம் பேசி எடுங்கள்.

மரபணு வெளிப்பாடு என்றால் என்ன?

நம் உடம்பின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. அதில் புரதம் செய்வதற்கான மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000. இருந்தாலும் ஈரல் செல் ஈரலாகவும் தோல் செல் தோலாகவும் இருக்கிறது. எந்த செல்லும் எல்லா மரபணுக்களையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதில்லை என்பதுதான் காரணம். ஒரு மரபணு வேலை செய்யும்போது அதிலிருந்து தூது ஆர்.என்.ஏ. என்ற பிரதி எடுக்கப்படுகிறது. அதைப் படித்துத்தான் செல் புரதத்தைத் தயாரிக்கிறது. எந்த மரபணுவுக்கு எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்ற கணக்குதான் மரபணு வெளிப்பாடு.

20,000 மரபணுக்களுக்கும் இந்தக் கணக்கை எடுத்தால், அந்த செல் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். புற்றுநோய் செல்லிலும் அப்படித்தான். அது எந்தச் செல்லிலிருந்து பிறந்ததோ அதன் சாயலும் தெரியும், எங்கே தடம் மாறியது என்பதும் ஓரளவு தெரியும்.

அப்படியானால் இது பரம்பரையாக வருமா என்று பார்க்கும் டெஸ்டா?

இல்லை. பிராகா1, பிராகா2 போன்ற பரம்பரை டெஸ்ட்டில், பிறக்கும்போதே நம்மோடு வந்த டி.என்.ஏ.வில் பிழை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதற்கு ரத்தமோ எச்சிலோ போதும், முடிவு வாழ்நாள் முழுக்க மாறாது, குடும்பத்தில் மற்றவர்களுக்கும் அதில் சேதி இருக்கிறது. மரபணு வெளிப்பாட்டு டெஸ்ட் கட்டியிலிருந்து எடுத்த திசுவைப் பற்றியது. உங்கள் மகளைப் பற்றியோ தங்கையைப் பற்றியோ அது எதுவும் சொல்லாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வீணாகப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலே வகை தெரியாதா?

பெரும்பாலும் தெரியும். நூறு வருஷத்துக்கு மேலாகப் புற்றுநோய் அப்படித்தான் வகைபிரிக்கப்படுகிறது, இன்றைக்கும் முதல் தீர்ப்பு திசுவை ஆராயும் பெத்தாலஜி டாக்டருடையதுதான். ஆனால் மைக்ரோஸ்கோப்பில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு கட்டிகள், ஒரே மருந்துக்கு நேர் எதிராக நடந்துகொள்வது உண்டு. ஒருவருக்குக் கட்டி கரைந்துபோகும், இன்னொருவருக்கு ஆறு மாதத்தில் திரும்பி வரும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உண்மையில் இரண்டு நோயாக இருக்கலாம்.

ரத்தப் புற்றுநோயில் இந்தச் சந்தேகம் 1940-களிலேயே வந்துவிட்டது. ஒரே மருந்து சிலருக்குப் பிடித்தது, சிலருக்குப் பிடிக்கவில்லை. பிறகு சாயங்கள், ஆன்டிபாடிகள், குரோமோசோம் பரிசோதனை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடுமையான ரத்தப் புற்றுநோய் இரண்டு பெரிய வகையாகப் பிரிந்தது. லிம்ஃபாய்டு வகையை ஏ.எல்.எல். என்பார்கள், மைலாய்டு வகையை ஏ.எம்.எல். என்பார்கள். முன்னதற்கு வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்ஸேட், ஸ்டீராய்டு. பின்னதற்கு டானோரூபிசின், சைட்டராபின். வகை மாறிப்போனால் சிகிச்சையே தவறிப்போகும். ஆனாலும் 1990-களின் கடைசி வரை இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரே ஒரு டெஸ்ட் போதும் என்ற நிலை வரவில்லை. அனுபவமுள்ள நிபுணர் பல டெஸ்ட்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இத்தனை மரபணுக்களை எப்படி அளக்கிறார்கள்?

முதலில் வந்தது மைக்ரோஅரே. ஒரு சின்னக் கண்ணாடித் தகட்டில் ஆயிரக்கணக்கான புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மரபணுவோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் டி.என்.ஏ. துண்டு. திசுவிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.வுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி மேலே ஊற்றினால், அதிகம் உள்ள மரபணுவின் புள்ளி பிரகாசமாக மின்னும். இன்று ஆராய்ச்சியில் அந்த இடத்தை ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தல் பிடித்துவிட்டது. அதில் பிரதிகளை நேரடியாகப் படித்து எண்ணிவிடுகிறார்கள்.

மருத்துவமனைக்கு வரும் டெஸ்ட்டுகள் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. தேவையான 21 அல்லது 50 மரபணுக்களை மட்டும் பி.சி.ஆர். போன்ற முறையில் அளந்தால் போதும். இதில் பெரிய முன்னேற்றம் என்று நான் நினைப்பது வேறொன்று. தொடக்கத்தில், எடுத்தவுடன் உறையவைத்த திசுதான் வேண்டும் என்றிருந்தது. பெத்தாலஜி ஆய்வகத்தில் ஃபார்மலினில் ஊறி மெழுகுக் கட்டையாக இருக்கும் சாதாரண பிளாக்கிலிருந்தே, உடைந்துபோன ஆர்.என்.ஏ.வை வைத்துக்கொண்டும் அளக்க முடியும் என்று ஆன பிறகுதான் இந்த டெஸ்ட்டுகள் சாதாரண நோயாளிக்கு வந்து சேர்ந்தன.

இதெல்லாம் எங்கே தொடங்கியது?

1999 அக்டோபர் 15 அன்று சயன்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரையைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அமெரிக்காவின் வைட்ஹெட் நிறுவனத்தில் டாட் கோலப், எரிக் லாண்டர் ஆகியோரின் குழு செய்தது. இந்தத் துறையில் ஒரே ஒரு கட்டுரை படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதையே படிக்கச் சொல்வேன். எளிமையாகக் கேட்டு நேர்மையாகப் பதில் சொன்ன வேலை அது.

38 நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையை எடுத்தார்கள். 27 பேருக்கு ஏ.எல்.எல்., 11 பேருக்கு ஏ.எம்.எல். விடை ஏற்கெனவே தெரிந்ததுதான், வேண்டுமென்றேதான் அப்படி எடுத்தார்கள். ஒவ்வொரு மாதிரியிலும் 6,817 மரபணுக்களை அளந்தார்கள். இரண்டு வகைக்கும் நடுவே அளவு தெளிவாக மாறுபட்ட மரபணுக்கள், தற்செயலாக வரக்கூடியதைவிட மிக அதிகமாக, சுமார் 1,100 இருந்தன. அதிலிருந்து 50-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். 25 ஏ.எல்.எல்.லில் உயர்ந்திருப்பவை, 25 ஏ.எம்.எல்.லில் உயர்ந்திருப்பவை.

புதிய நோயாளி ஒருவர் வந்தால் அந்த 50 மரபணுக்களும் வாக்குப் போடும். ஆனால் எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்பு கிடையாது. இரண்டு வகையையும் நன்றாகப் பிரித்துக்காட்டிய மரபணுவின் வாக்குக்குக் கனம் அதிகம். புதிய நோயாளியின் அளவு நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதற்கேற்பவும் கனம் கூடும். கடைசியில் இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். வித்தியாசம் போதுமான அளவு இல்லையென்றால் 'சொல்ல முடியாது' என்று விட்டுவிடுவார்கள். இந்தக் கடைசிப் பகுதியை நான் மிகவும் மதிக்கிறேன். தெரியவில்லை என்று சொல்லத் தெரிந்த கணக்கு அது.

பிறகு, முன்பு பார்க்காத 34 மாதிரிகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். அவற்றில் மஜ்ஜையும் இருந்தது ரத்தமும் இருந்தது, குழந்தைகளின் ஏ.எம்.எல்.லும் இருந்தது, வேறு வேறு ஆய்வகங்களிலிருந்து வந்தவையும் இருந்தன. 29-க்கு உறுதியான பதில் கிடைத்தது, 29-ம் சரி. மீதி ஐந்துக்கு 'சொல்ல முடியாது'.

விடை தெரிந்த கேள்விக்கு மறுபடி விடை கண்டுபிடிப்பதில் என்ன பெருமை?

நியாயமான கேள்வி. அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். யாருக்கு எந்த வகை என்பதை மறைத்துவிட்டு, '38 மாதிரிகளை இரண்டு குழுவாகப் பிரி' என்று மட்டும் கணினியிடம் கொடுத்தார்கள். ஒரு குழுவில் 25 பேர் விழுந்தார்கள், அவர்களில் 24 பேர் ஏ.எல்.எல். இன்னொன்றில் 13 பேர், அவர்களில் 10 பேர் ஏ.எம்.எல். பல பத்தாண்டு மருத்துவம் கண்டுபிடித்த பிரிவை, யாரும் சொல்லிக்கொடுக்காமல் எண்களே காட்டின. நான்கு குழுவாகப் பிரிக்கச் சொன்னபோது ஏ.எல்.எல்.லுக்குள் இருக்கும் பி செல், டி செல் (இரண்டும் வெள்ளை அணு வகைகள்) பிரிவும் வெளியே வந்தது. அப்படியானால் இதுவரை யாரும் அறியாத பிரிவுகளையும் இதே வழியில் தேடலாம் அல்லவா? அந்த நம்பிக்கையைத்தான் அந்தக் கட்டுரை கொடுத்தது.

அதில் ஒரு நோயாளியின் கதை வருகிறது. ரத்தப் புற்றுநோய் என்று கருதப்பட்டவர், ஆனால் செல்களின் தோற்றம் வழக்கத்துக்கு மாறாக இருந்தது. 50 மரபணு வாக்கு எந்தப் பக்கமும் சாயவில்லை. முழுப் பட்டியலையும் திறந்து பார்த்தபோது தசைக்கு உரிய மரபணுக்கள் உயர்ந்திருந்தன. தசைத் திசுவில் வரும் ராப்டோமையோசர்கோமா என்ற புற்றுநோயாக இருக்கலாம் என்று குரோமோசோம் பரிசோதனை செய்தார்கள். 2-ம் எண், 13-ம் எண் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியிருந்தன, அதாவது அந்த நோய்தான். சிகிச்சையை மாற்றினார்கள். எத்தனையோ விளக்கப்படங்களைவிட இந்த ஒரு நோயாளியின் கதை என் மனதில் நிற்கிறது.

ஏதாவது ஒரு மரபணுவை மட்டும் பார்த்தால் போதாதா?

சில நோயில் போதும். ஆனால் பொதுவாக ஒரு ஸ்வரத்தைக் கேட்டு ராகம் சொல்ல முடியாது. மோகனத்திலும் ஹம்சத்வனியிலும் ச, ரி, க, ப நான்கும் பொது. 'க' காதில் விழுந்தால் எதுவும் முடிவாகாது. 'நி' விழுந்தால் மோகனம் இல்லை என்று மட்டும் தெரியும், அது வரும் ராகங்கள் எத்தனையோ. சேர்ந்து வரும் விதத்தில்தான் ராகம் இருக்கிறது. மரபணுவிலும் தனி அளவு ஆளுக்கு ஆள், மாதிரிக்கு மாதிரி ஆடும். பல மரபணுக்கள் சேர்ந்து ஒரே திசையில் நகர்ந்தால்தான் நம்பலாம். 1999 ஆய்வில் 10 மரபணுக்களை எடுத்தாலும் 200-ஐ எடுத்தாலும் கணிப்பு நன்றாகவே வந்தது. ஆக, 50 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை.

புதிதாகக் கண்டுபிடித்த வகை ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 2000 பிப்ரவரியில் நேச்சர் இதழில், பெரிய பி செல் லிம்ஃபோமா என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்ட நிணநீர்ப் புற்றுநோய் உண்மையில் இரண்டு என்று ஒரு குழு காட்டியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் சேர்ந்து செய்தது. ஒரு வகை நிணநீர்க் கணுவின் முளைமையத்தில் இருக்கும் பி செல்லைப் போலவும், இன்னொன்று தூண்டப்பட்ட பி செல்லைப் போலவும் இருந்தது. ஐந்து ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் முதல் வகையில் 76 சதவீதம், இரண்டாவதில் 16 சதவீதம். 2002-ல் 240 நோயாளிகளை வைத்துப் பார்த்தபோது இது 60-க்கு 35 ஆனது. பிரிவு உண்மை, ஆனால் இடைவெளி முதலில் சொன்ன அளவு இல்லை. எந்தப் புதிய டெஸ்ட்டின் முதல் எண்ணையும் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வகை தெரிந்ததால் உடனே மருந்து கிடைத்துவிடவில்லை. இரண்டாவது வகைக்கு ஐப்ரூட்டினிப் என்ற மருந்து நல்ல பலன் தரும் என்று எதிர்பார்த்தார்கள். 2019-ல் வந்த பெரிய ஆய்வில் மொத்தத்தில் பலன் தெரியவில்லை. இளையவர்களுக்கு உதவியது போல் இருந்தது, வயதானவர்களால் மருந்தைத் தாங்க முடியவில்லை.

என்னை அதிகம் நெகிழவைத்தது குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் நடந்தது. ஃபிலடெல்ஃபியா குரோமோசோம் என்று ஒன்று உண்டு, 9-ம் 22-ம் துண்டு மாற்றிக்கொள்வதால் வருவது. அது இருந்தால் இமாட்டினிப் போன்ற மாத்திரை கொடுக்கலாம். 2009-ல் நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக இரண்டு குழுக்கள் ஒரே விஷயத்தைப் பார்த்தன. சில குழந்தைகளுக்கு அந்தக் குரோமோசோம் இல்லை, ஆனால் மரபணு வெளிப்பாடு மட்டும் அது இருப்பவர்களைப் போலவே இருக்கிறது, நோயும் அதே போலக் கடுமையாக இருக்கிறது. ஏன் என்று அப்போது தெரியாது. 2014-ல் அப்படிப்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை முழுதாகப் படித்தபோது பத்தில் ஒன்பது பேருக்கு செல்லை வளரச் சொல்லும் ஏதோ ஒரு கைனேஸ் புரதம் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதில் சிலவற்றைத் தடுக்க ஏற்கெனவே மருந்து இருந்தது. வெளிப்பாடு முதலில் இடத்தைக் காட்டியது, அங்கே தோண்டினால் காரணம் கிடைத்தது, காரணம் மருந்தைக் காட்டியது. 2016-ல் உலகச் சுகாதார நிறுவனம் தன் ரத்தப் புற்றுநோய்ப் பட்டியலில் இந்த வகையைத் தற்காலிகப் பிரிவாகச் சேர்த்தது.

மார்பகப் புற்றுநோயில் இது எப்படிப் பயன்படுகிறது?

நேரடியாக அதிகம் பேருக்குப் பயன்படுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2000-லும் 2001-லும் வந்த ஆய்வுகள் மார்பகக் கட்டிகளை லூமினல் ஏ, லூமினல் பி, ஹெர்2 (செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம்) மிகுந்தது, பேசல் போன்றது என்று பிரித்தன. லூமினல் ஏ மெதுவாக வளர்வது, ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படுவது. பேசல் வகையில் பெரும்பாலானவை, நாம் 'டிரிபிள் நெகட்டிவ்' என்று கேள்விப்படும், ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2-ம் இல்லாத கூட்டத்தோடு ஒத்துப்போகும். இந்தப் பெயர்கள் இப்போது டாக்டர்களின் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டன.

நோயாளிக்கு உண்மையில் வேண்டிய பதில் வேறு: எனக்குக் கீமோ தேவையா? ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) உள்ள, ஆரம்ப நிலைக் கட்டிக்கு அறுவைக்குப் பின் கீமோ கொடுத்தால் சிலருக்கு நன்மை உண்டு. பலருக்கு முடி கொட்டி, வாந்தி எடுத்து, ரத்த அணுக்கள் குறைந்ததுதான் மிச்சம். யார் எந்தக் கூட்டம் என்று முன்கூட்டித் தெரியாததால் எல்லோருக்கும் கொடுத்தார்கள். 2004-ல் வெளியான 21 மரபணு டெஸ்ட்டான ஆன்கோடைப் டி.எக்ஸ்., புற்றுநோய் தொடர்பான 16 மரபணுக்களையும் ஒப்பீட்டுக்காக 5 மரபணுக்களையும் அளந்து 0 முதல் 100 வரை ஓர் எண் தரும். எண் கூடினால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம் என்று பொருள்.

அந்த எண்ணை நம்பலாமா என்று பார்க்கத்தான் டெய்லர்எக்ஸ் ஆய்வு நடந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள், எல்லோருக்கும் ஹார்மோன் ஏற்பி உண்டு, ஹெர்2 இல்லை, அக்குள் நிணநீர்க் கணுவுக்கு நோய் பரவவில்லை. 11 முதல் 25 வரை எண் வந்த 6,711 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஹார்மோன் மாத்திரை மட்டும், மறுபாதிக்கு அதோடு கீமோவும் கொடுத்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. ஒன்பது ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் கீமோ இல்லாதவர்களில் 93.9 சதவீதம், கீமோ எடுத்தவர்களில் 93.8 சதவீதம். 50 வயது வரை உள்ளவர்களில், 16 முதல் 25 எண் வந்தவர்களுக்கு மட்டும் கீமோவால் ஓரளவு பலன் தெரிந்தது. உங்கள் வயதைக் கேட்காமல் எண்ணை மட்டும் வைத்துப் பேசும் யாரையும் நம்பாதீர்கள்.

நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனத்தில் 2002-ல் பிறந்த 70 மரபணு டெஸ்ட் மம்மாபிரிண்ட். மைண்டாக்ட் ஆய்வில் 6,693 பெண்களிடம் அதைச் சோதித்தார்கள். கட்டியின் அளவு முதலியவற்றைப் பார்த்தால் ஆபத்து அதிகம், மரபணுக் கணக்கில் ஆபத்து குறைவு என்று வந்தவர்கள் 1,550 பேர். அவர்களில் கீமோ இல்லாமல் விட்டவர்களில் 94.7 சதவீதத்தினருக்கு ஐந்து ஆண்டில் நோய் வேறு உறுப்புக்குப் பரவவில்லை.

ஒரு சிகிச்சையைச் சேர்க்க எத்தனையோ டெஸ்ட் உண்டு. ஒரு சிகிச்சை வேண்டாம் என்று தைரியமாகச் சொல்ல உதவும் டெஸ்ட் அபூர்வம். இந்தத் துறையின் மிகப் பெரிய சாதனை எது என்று கேட்டால், கீமோ இல்லாமல் வீட்டுக்குப் போன அந்தப் பெண்களைத்தான் காட்டுவேன்.

என் ரிப்போர்ட்டில் இதெல்லாம் இல்லையே, ஏன்?

உங்கள் ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர். (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2, கே.ஐ.67 (செல் பிரியும் வேகத்தின் அடையாளம்) என்று நான்கு வரி இருக்கும். அவை ஸ்லைடில் சாயமேற்றிப் புரதத்தைப் பார்க்கும் சோதனைகள். மரபணு வெளிப்பாட்டு வகையை முழுதாகச் சொல்லாவிட்டாலும் அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். பெரும்பாலான முடிவுகளுக்கு அதுவே போதும். உங்களுடையது டிரிபிள் நெகட்டிவ் என்றாலோ, ஹெர்2 பாசிட்டிவ் என்றாலோ 21 மரபணு டெஸ்ட் உங்களுக்கானதே அல்ல. அப்படி இருந்தும் யாராவது எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

தேவை உள்ளவர்களுக்கு இந்தியாவிலிருந்து பெரும்பாலும் பிளாக்கை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும், செலவும் அதிகம். பெங்களூரில் உருவான கேன்அசிஸ்ட் பிரெஸ்ட் ஐந்து புரதங்களைச் சாயமேற்றிப் பார்த்து ஆபத்தைக் கணிக்கிறது. அது மரபணு வெளிப்பாட்டு டெஸ்ட் இல்லை, ஆனால் கேட்கும் கேள்வி ஒன்றுதான். எதை எடுப்பது என்பதற்கு முன்னால் டாக்டரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "எண் குறைவாக வந்தால் என்ன செய்வீர்கள், அதிகமாக வந்தால் என்ன செய்வீர்கள்?" இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

எங்கிருந்து பரவியது என்று தெரியாத புற்றுநோயில், மூலத்தைக் கண்டுபிடிக்க உதவுமா?

உதவும், ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு ஆயுளை நீட்டுகிறதா என்பதில் இழுபறி. கட்டி தான் பிறந்த திசுவின் சாயலைச் சுமப்பது உண்மை. 33 வகைகளில் சுமார் 10,000 கட்டிகளை ஆராய்ந்த அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் தொகுப்புத் திட்டமும் 2018-ல் அதைத்தான் உறுதிசெய்தது. ஜப்பானில் 2019-ல் வெளியான ஆய்வில், மூலத்தைக் கணித்து அதற்கேற்ற மருந்து கொடுத்தவர்கள் பொதுவான கீமோ எடுத்தவர்களைவிட அதிக காலம் வாழவில்லை. சீனாவின் ஃபூதான் பல்கலைக்கழக ஆய்வு 2024-ல் வந்தது. 182 நோயாளிகள், 90 மரபணு டெஸ்ட். நோய் முற்றாமல் இருந்த காலம் 6.6 மாதத்திலிருந்து 9.6 மாதமாகக் கூடியது. இடைப்பட்ட காலத்தில் மருந்துகள் மேம்பட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

இந்த ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம்?

மாணவர்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

பத்து நோயாளிகள் இருக்கிறார்கள், ஐந்து பேருக்கு நோய் திரும்பியது, ஐந்து பேருக்கு இல்லை. 20,000 பேரைக் கூப்பிட்டு ஆளுக்குப் பத்து முறை நாணயம் சுண்டச் சொல்லுங்கள். நோய் திரும்பியவர்களுக்குத் தலை, மற்றவர்களுக்குப் பூ என்று பத்தும் அச்சாகப் பொருந்த ஒருவருக்கு 1,024-ல் ஒரு வாய்ப்பு. அப்படியானால் 20,000 பேரில் சுமார் 20 பேருக்குப் பொருந்திவிடும். அந்த 20 நாணயங்களுக்கும் நோய்க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மரபணு அதிகம், நோயாளி குறைவு என்ற நிலையில் இதுதான் நடக்கும்.

எல்லா மாதிரிகளையும் பார்த்து மரபணுக்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதே மாதிரிகளில் ஒவ்வொன்றாக ஒதுக்கிவைத்துச் சோதித்தால் விடைத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதியது போல. ஒதுக்கும் ஒவ்வொரு முறையும் மரபணுத் தேர்வையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். இந்தப் பிழை இன்றும் கட்டுரைகளில் வருகிறது.

2011-ல் ஒரு ஆய்வு எல்லோரையும் உலுக்கியது. வெளியான 47 மார்பகப் புற்றுநோய் மரபணுப் பட்டியல்களை எடுத்து, அதே நீளத்தில் கண்ணை மூடிப் பொறுக்கிய பட்டியல்களோடு ஒப்பிட்டார்கள். 28 பட்டியல்கள் அவற்றைவிடச் சிறப்பாக இல்லை. சாப்பிட்ட பிறகு சிரிப்பதோடு தொடர்புள்ள மரபணுப் பட்டியல்கூட நோயின் போக்கைக் 'கணித்தது'. காரணம், செல் எவ்வளவு வேகமாகப் பிரிகிறது என்ற ஒரே சேதி ஆயிரக்கணக்கான மரபணுக்களில் பரவிக் கிடக்கிறது. எங்கே கைவைத்தாலும் அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். 70 மரபணுப் பட்டியலுக்கும், பின்னால் வந்த 76 மரபணுப் பட்டியலுக்கும் பொதுவானவை வெறும் மூன்று என்பதும் இதனால் ஓரளவு புரியும்.

இதைவிட வேதனையானது டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்தது. கட்டியின் வெளிப்பாட்டைப் பார்த்து எந்தக் கீமோ வேலை செய்யும் என்று சொல்லிவிடலாம் என 2006-ல் அங்கிருந்து ஒரு கட்டுரை வந்தது. எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் இருவரும் அதே தரவை எடுத்து மறுபடி செய்து பார்த்தார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரி தள்ளிப்போயிருந்தது. மருந்துக்குக் கட்டுப்படுபவை, கட்டுப்படாதவை என்ற பெயர்கள் சில இடங்களில் தலைகீழாக மாறியிருந்தன. 2009-ல் அவர்கள் இதை வெளியிட்டபோது அந்தக் கணக்கை நம்பி நோயாளிகளைச் சேர்த்து ஆய்வுகள் நடந்துகொண்டிருந்தன. 2010-ல் அவை நிறுத்தப்பட்டன, 2011-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஒரு வரி தள்ளிப்போனால் அதன் மறுமுனையில் ஒரு மனிதர் தவறான மருந்தோடு உட்கார்ந்திருக்கலாம்.

பல வருஷம் ஆகியும் ரத்தப் புற்றுநோய்க்கு எல்லா இடத்திலும் மைக்ரோஅரே ஏன் வரவில்லை?

வேலை செய்யாததால் இல்லை. 2010-ல் மைல் என்ற ஆய்வு மூன்று கண்டங்களில் 11 ஆய்வகங்களிலிருந்து 3,334 நோயாளிகளைப் பார்த்து, 18 பிரிவுகளை 92 சதவீதத் துல்லியத்தோடு பிரித்தது. ஆனால் செல்லின் மேலுள்ள புரதங்களைப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனை சில மணி நேரத்தில் பதில் தருகிறது. குரோமோசோம், மரபணுப் பிழைச் சோதனைகள் மருந்தோடு நேரடியாகத் தொடர்புள்ள பதிலைத் தருகின்றன. மூளைக் கட்டிகளில் டி.என்.ஏ.வின் மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகளை வைத்துப் பிரிக்கும் முறை முந்திக்கொண்டது. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.வைப் போலச் சீக்கிரம் சிதையாது என்பது அதற்கு ஒரு வசதி.

கணினி மாணவன் நான். வீட்டிலேயே செய்து பார்க்க முடியுமா?

முடியும், சாதாரண லேப்டாப் போதும். 1999 ஆய்வின் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. 72 மாதிரிகள், 7,129 அளவீடுகள். ஆர் என்ற கணினி மொழிக்கான பயோகண்டக்டர் மென்பொருள் தொகுப்பில் கோலப் (golub) என்று தேடினால் வரும். முதலில் 38-ஐயும் 34-ஐயும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள், 34-ஐக் கடைசி நாள் வரை திறக்காதீர்கள்.

வாக்குக் கணக்கை எழுதுவதற்கு முன்னால் மாதிரிகளை ஒரு படத்தில் புள்ளிகளாக வரைந்து, நோய் வகைக்கு ஒரு நிறம் கொடுங்கள். அப்புறம் அதே படத்தில், அந்த மாதிரி எந்த ஆய்வகத்திலிருந்து வந்தது என்பதற்கு நிறம் கொடுத்துப் பாருங்கள். மாதிரியை வேறு விதமாகத் தயாரித்த ஒரு ஆய்வகத்திலிருந்து வந்தவற்றில் கணிப்பு வலுவிழந்ததை அந்தக் குழுவே எழுதியிருக்கிறது. இரண்டு படமும் ஒரே மாதிரி பிரிந்தால், நீங்கள் பார்ப்பது நோயா ஆய்வகமா என்று தெரிந்துகொண்டுதான் அடுத்த வரியை எழுத வேண்டும்.